இலையுதிர் போன்சாய்: விதையா, போத்தா, பதியனா, நர்சரிச் செடியா, தோண்டிய மரமா?

போன்சாயில் ஊசியிலை மரங்களுக்கு ஒரு வசதி உண்டு. தண்டில் ஏதாவது கோணல் இருந்தால் இலைக்கொத்து ஒன்றை முன்னால் இழுத்து மறைத்துவிடலாம். பட்டுப்போன கிளையைச் செதுக்கி வெளுக்க விட்டு, அதையே மரத்தின் முதுமைக்குச் சாட்சியாக நிறுத்திவிடலாம். இலை உதிர்க்கும் மேப்பிளிலும் எல்மிலும் இந்தச் சமாளிப்பு எடுபடாது. வருடத்தில் சில மாதங்கள் அவை மொட்டையாக நிற்கும். வேர் மண்ணை எப்படிப் பிடித்திருக்கிறது, எங்கே வெட்டினோம், எங்கே அவசரப்பட்டோம் என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். 1934-இல் தொடங்கிய ஜப்பானின் கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி நடப்பது பிப்ரவரியில். இலையுதிர் மரங்கள் அங்கே வெறும் கிளைகளோடுதான் மேடை ஏறுகின்றன.

"இலையுதிர் மரம் ஒன்று வளர்க்க ஆசை, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். விதையைத் தவிர எந்த வழியில் தொடங்கினாலும் சில ஆண்டுகள் மிச்சமாகும். அந்த ஆண்டுகளில் வேறு யாரோ செய்த தவறுகளும் கூடவே வந்து சேரும். எந்தத் தவறுகளோடு நம்மால் வாழ முடியும் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## முதலில் தட்பவெப்பம்

ஜப்பானிய மேப்பிள், பீச், ஹார்ன்பீம் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பது குளிருக்காக. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல வாரங்கள் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்கும். குளிர் கிடைக்காத இடத்தில் முதல் வருடம் சமாளிக்கும், இரண்டாம் வருடம் சோர்ந்து துளிர்க்கும், அப்புறம் கிளை கிளையாகக் காயும். உரம் போட்டுத் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை இது.

வெப்பமான இடத்தில் இருப்பவர்களுக்குச் சீன எல்ம் நல்ல தேர்வு. குளிர் இருந்தால் இலை உதிர்க்கும், இல்லாவிட்டால் பாதிப் பசுமையோடு காலம் தள்ளும். வறட்சிக்காக இலை உதிர்க்கும் மரங்களும் இருக்கின்றன: இலவு, பாவோபாப், சில நாட்கள் மட்டும் மொட்டையாக நின்று உடனே தளிர்விடும் அரசு. கீழே மேப்பிளையும் எல்மையும் வைத்தே பேசுகிறேன். வேர், வடு பற்றிய கணக்கு வறட்சிக்கு இலை உதிர்க்கும் மரங்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

வேர்ப்பரப்பு. ஜப்பானியர்கள் நெபாரி என்பார்கள். தண்டின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் வேர்கள் விரிந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடித்த வேர், மறுபக்கம் வெறுமை என்றால் மரம் நின்றுகொண்டே சாய்வதுபோல் இருக்கும். என் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். பாதி மதிப்பெண் என்றாலும் தகும்.

வடு. பெரிய வெட்டு மூட எத்தனை வருடம் ஆகும், மூடினாலும் புடைத்து நிற்குமா என்று பார்க்க வேண்டும். மேப்பிள், பீச் இரண்டுக்கும் வழுவழுப்பான பட்டைதான் அழகு. அதில் ஒரு வடு, முகத்தில் தையல் போட்ட மாதிரி.

தண்டின் கூம்பல். அடியில் பருத்து மேலே போகப்போகச் சிறுக்க வேண்டும். குழாய் மாதிரி ஒரே தடிமனில் எழும் தண்டு எவ்வளவு வயதானதாக இருந்தாலும் இளசாகத்தான் தெரியும்.

கணுவிடையும் (இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள தூரம்) இலை அளவும். இது பெருமளவு பிறவிக் குணம். கவாத்தால் கொஞ்சம் குறைக்கலாம், மாற்ற முடியாது.

காலமும் சாகும் வாய்ப்பும். இந்த இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம்.

பட்டியலில் கிளைகள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டேன். புதிதாக வருபவர்கள் முதலில் கிளைகளைத்தான் பார்க்கிறார்கள். இலையுதிர் மரத்தில் கிளைகள் பெரும்பாலும் திரும்ப வளர்த்துக்கொள்ளக்கூடியவை. கிளை இல்லாத இடத்தில் அதே மரத்தின் நீண்ட தளிர் ஒன்றை வளைத்து ஒட்டுக்கட்டி வரவழைக்கக்கூட முடியும்.

## விதை

விதையின் பெரிய பலம், அதில் யாருடைய தவறும் இல்லை. ஆணிவேரை முதல் இரண்டு ஆண்டுக்குள் வெட்டிவிட்டால் பக்கவேர்கள் பரவத் தொடங்கும். இன்னும் துணிச்சலான முறை ஒன்று இருக்கிறது. முளைத்துச் சில வாரமே ஆன நாற்றை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி வேரை முழுக்க நீக்கிவிட்டு, வெட்டுமுனையை வேர்த்தூண்டிப் பொடியில் தொட்டுத் திரும்ப நடுவது. கேட்கும்போது கொலை மாதிரி இருக்கும். பிழைக்கும் நாற்றுகளில் வேர் ஒரே மட்டத்தில் வட்டமாக வரும்.

தண்டு பென்சில் தடிமனில் இருக்கும்போதே கம்பி சுற்றி வளைத்துவிடலாம். தடித்த மரத்தில் எவ்வளவு முயன்றாலும் வராத நெளிவு இங்கே சும்மா கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு காலம் மட்டும் இல்லை. மேப்பிள் விதைக்குச் சுமார் 3 முதல் 4 மாதம் ஈரக்குளிரில் வைக்கும் பக்குவம் தேவை. காய்ந்துபோன பழைய விதை ஒரு வருடம் தாமதமாகக்கூட முளைக்கும். பெயர்பெற்ற ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அதே ரகம் வராது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதம். இலை சிறியதும் கணுவிடை குறுகியதுமான இரண்டு மூன்றைப் பொறுக்க வேண்டுமென்றால் ஐம்பது நாற்றாவது வளர்க்க வேண்டும். ஐம்பது தொட்டிக்கு இடமும் தினம் தண்ணீரும் யார் கணக்கில்?

காடு பாணிக்கு, அதாவது ஒரே தட்டில் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மரங்களை நடுவதற்கு, விதையை மிஞ்சிய வழி இல்லை. ஒல்லித் தண்டுதான் அங்கே தேவை. 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குட்டி மரங்களுக்கும் விதை சரி. தனி மரமாக, பெரிதாக வேண்டும் என்பவர்கள் வேறு வழியைப் பார்க்கலாம்.

## போத்து

சீன எல்ம், மூன்று மடல் இலை கொண்ட ட்ரைடென்ட் மேப்பிள் இரண்டும் போத்தில், அதாவது வெட்டிய கிளைத்துண்டை நட்டால், நன்றாக வேர்பிடிக்கும். ஜப்பானிய மேப்பிள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பீச்சை முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்மில் இன்னொரு வசதி: தொட்டி மாற்றும்போது வெட்டி எறியும் தடித்த வேரை, மேல்முனை வெளியே தெரியும்படி நட்டால் அதுவே துளிர்க்கும். வேர்த்துண்டாக இருந்ததால் அதில் இயல்பான நெளிவும் இருக்கும்.

தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்பது லாபம். வேர் ஒரு பக்கமாக மட்டும் கிளம்புவது வழக்கமான தொல்லை. விதையோடு ஒப்பிட்டால் மிச்சமாவது இரண்டு மூன்று வருடம்தான். நல்ல தாய்மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## பதியன்

எனக்கு மிகவும் பிடித்த வழி என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். ஒருதலைப்பட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த மேப்பிள் ஒன்றில் கட்டைவிரல் தடிமனில், இரண்டாகப் பிரியும் ஒரு கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பட்டையை வளையமாக உரிக்க வேண்டும். இலையில் தயாராகும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும், தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறும். பட்டையை மட்டும் எடுத்தால் தண்ணீர் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், சர்க்கரையும் வளர்ச்சித் தூண்டிகளும் வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கும். அங்கே ஈரப்பாசியைக் கட்டி வைத்தால் அந்த விளிம்பிலிருந்தே சுற்றிலும் வேர் இறங்கும். விதையில் பத்து வருடம் வெட்டிச் சீவி வாங்கும் வேர்ப்பரப்பு இங்கே ஒரே பருவத்தில் வந்துவிடுகிறது.

தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தோற்கிறார்கள். வளையம் குறுகலாக இருக்கும், அல்லது பட்டைக்கு அடியில் உள்ள பச்சை வழவழப்பு முழுதாகச் சுரண்டப்பட்டிருக்காது. மரம் அந்த இடைவெளியைப் பாலம் போட்டு மூடிவிடும், வேர் விட வேண்டிய அவசியமே அதற்கு இராது. கிளையின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலம் உரியுங்கள். வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டுங்கள். வசந்தத்தின் முதல் இலைகள் விறைத்து முற்றிய பிறகு செய்ய வேண்டும். மேப்பிளில் இரண்டு மூன்று மாதத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை வேர் தெரியும். அவை பழுப்பேறிக் கிளைக்கும்வரை பொறுத்து அறுத்தெடுப்பது நல்லது. முதல் முறை நான் வெள்ளை வேரைப் பார்த்த உற்சாகத்தில் அன்றைக்கே அறுத்தேன். நடும்போது பாதி வேர் பாசியோடு உதிர்ந்து கையில் வந்தது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், முதலில் தாய்மரம் வேண்டும். பிரித்த முதல் குளிர்காலத்தில் வேர் பலவீனமாக இருக்கும், பனியில் விட்டுவிடக் கூடாது. ஹார்ன்பீமும் பீச்சும் மெதுவானவை, இரண்டாம் பருவம்வரைகூட இழுக்கும். ஒட்டுக்கட்டி விற்கப்படும் அலங்கார மேப்பிள்களில் சில, சொந்த வேரில் நின்றால் சோணங்கியாகிவிடும். வீரியமான ரகங்களில் அந்தப் பயம் இல்லை.

இன்னொரு பயன் பலருக்குத் தோன்றுவதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் மரத்தின் அடிவேர் மோசமாக இருந்தால், மண்மட்டத்திலேயே பட்டையை வளையமாக உரித்துப் புதிய வேர் வரவழைத்து, பழைய அடியைக் கழித்துவிடலாம். அதனால்தான் பதியனை ஒரு தொடக்கமாகவும் மற்ற எல்லாத் தொடக்கங்களுக்கும் வைத்தியமாகவும் நினைக்கிறேன்.

## நர்சரிச் செடி

எளிதில் கிடைப்பது இது. அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சாதாரண நர்சரியில் மேப்பிளை வளர்ப்பது தோட்டத்தில் நட்டு ஏழெட்டு அடி வளரட்டும் என்பதற்காக. தொட்டிக்குள் வேர் வட்டமடித்திருக்கும். தொட்டி மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மண் ஏறி, உண்மையான அடி நான்கைந்து சென்டிமீட்டர் புதைந்திருக்கும். ஒரு மரக்குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

சிவப்பு மெல்லிலை மேப்பிள்கள் அநேகமாக எல்லாமே ஒட்டுச்செடிகள். கீழே ஒரு மரத்தின் பட்டை, மேலே இன்னொரு மரத்தின் பட்டை, நடுவே ஒரு முண்டு. வருடம் ஆக ஆக முண்டு பெருக்குமே தவிர மறையாது. இலையழகில் மயங்கி நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். நாலு வருடம் கழித்து ஒட்டுக்கு மேலே பதியன் போட்டுத்தான் அதை மீட்டேன். அதாவது நாலு வருடமும் வீண்.

ஒட்டுப்போடாத, விதையில் வந்த சாதாரண இனத்தைத் தேடினால் நர்சரி நல்ல இடம். அடியில் தாழ்வான கிளை உள்ளதாகப் பாருங்கள், அதுவே பின்னால் புதிய தலைத்தண்டாகும். ஒரே கணுவில் மூன்று நான்கு கிளை கிளம்பும் செடியைத் தவிர்க்கலாம். அந்த இடம் வீங்கி, கூம்பல் தலைகீழாகிவிடும்.

## நிலத்தில் பெருக்க வைத்த கட்டை

போன்சாய்க்கென்றே நிலத்தில் நட்டுத் தடிக்க வைத்து, மேலே அறுத்து விற்கும் மரங்கள் இவை. கையளவு அடித்தண்டு உடனே கிடைத்துவிடும், வேர்ப்பரப்பைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். விலையாகக் கொடுப்பது அந்த அறுத்த வடுவை. ட்ரைடென்ட் மேப்பிள் வடுவை வேகமாக மூடும் இனம், அதனால் அதில் துணியலாம். ஜப்பானிய மேப்பிளில் அதே அளவு வடு மூடப் பத்து வருடம்கூட ஆகலாம், அதற்குள் உள்கட்டை அழுகவும் வாய்ப்புண்டு. வடு பின்பக்கம் போகும்படி முன்பக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

## தோண்டி எடுத்த மரம்

காட்டிலோ மேட்டிலோ ஆடுமாடு கடித்து, காற்றில் வளைந்து, வருடக்கணக்காகக் குட்டையாகவே நின்ற மரத்துக்கு ஈடாக நாம் எதையும் உருவாக்கிவிட முடியாது. ஆனால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு செடியையும் தொடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட நிலத்தில் கேள்விக்கே இடமில்லை. நல்ல வாய்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. யாராவது பழைய உயிர்வேலியைப் பிடுங்கும்போது போய் நில்லுங்கள். முப்பது நாற்பது வருடம் கத்தரிபட்ட ஹார்ன்பீமும் எல்மும் அடி தடித்து, தாழ்வாகக் கிளைத்து நிற்கும். எறியப்போகிற பொருள் என்பதால் மனசாட்சியும் உறுத்தாது.

மொட்டு வீங்கித் துளிர்விடும் முன் தோண்டுவது பாதுகாப்பு. அதன்பின் இரண்டு மூன்று வருடம் பெரிய பெட்டியில், வடிகால் நன்றாக உள்ள மண்ணில், எதுவும் செய்யாமல் விட வேண்டும். இங்கேதான் பலர் தோற்பது. முதல் வருடம் மரம் துளிர்ப்பது தண்டில் சேமித்த உணவைக்கொண்டு. வேர் பிடித்துவிட்டது என்று நம்பிக் கத்தரியைத் தூக்கினால் அடுத்த கோடையில் கணக்குத் தீர்க்கும்.

## ஒரே பார்வையில்

முப்பது நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில், கண்ணுக்கு மரமாகத் தெரியும் நிலைக்கு வர ஆகும் காலத்தைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். என் மதிப்பீடு இது. இனத்தையும் பராமரிப்பையும் பொறுத்துக் கூடும், குறையும்.

| வழி | வேர்ப்பரப்பு | வடு | காலம் (ஆண்டு) | இழக்கும் அபாயம் |
|---|---|---|---|---|
| விதை | முழுக்க நம் கையில் | முதலில் இல்லை, பிறகு நாம் வெட்டுவது மட்டும் | 15–20 | நாற்றுப் பருவத்தில் அதிகம் |
| போத்து | ஒருபக்கமாகப் போகலாம் | அதேதான் | 12–17 | இனத்தைப் பொறுத்தது |
| பதியன் | மிக நன்று | குறைவு | 6–10 | முதல் குளிர்காலத்தில் மட்டும் |
| நர்சரிச் செடி | பெரும்பாலும் சிக்கல் | ஒட்டு முண்டு, பழைய வெட்டுகள் | 8–12 | குறைவு |
| நிலத்துக் கட்டை | பார்த்து வாங்கலாம் | பெரியது | 6–10 | குறைவு |
| தோண்டிய மரம் | கிடைத்தது கிடைத்ததுதான் | பெரியது, முரட்டுப் பட்டையில் பொருந்திப்போகும் | 7–12 | அதிகம் |

## வாங்கியபின் தரையா, தொட்டியா?

எந்த வழியில் வந்தாலும் அடுத்த கேள்வி இது. அழகான ஆழமில்லாத போன்சாய்த் தொட்டியில் மெல்லிய செடியை நட்டால் தண்டு அதோடு நின்றுவிடும். தண்டு தடிப்பது அதற்கு மேலே உள்ள இலைகளின் உழைப்பில், வேருக்கு ஓட இடம் இல்லாவிட்டால் இலையும் பெருகாது. தொட்டி கடைசியில் வர வேண்டிய விஷயம்.

தரையில் நட்டால் வளர்ச்சி பல மடங்கு. அடியில் ஓடு ஒன்றையோ பலகையையோ வைத்து அதன்மேல் வேரை விரித்து நட்டால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடும். காவு கொடுக்கப்போகும் ஒரு கிளையை மட்டும் இஷ்டத்துக்கு ஓடவிட்டால் அதற்குக் கீழே உள்ள தண்டு பருக்கும், பிறகு அதை அறுத்துவிடலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கிளையை ஒரு வருடம் கூடுதலாக விட்டால் தண்டும் தடிக்கும், அறுக்கும் வடுவும் தடிக்கும். ட்ரைடென்டிலும் எல்மிலும் தாராளமாக விடலாம். ஜப்பானிய மேப்பிளில் பெரிய தொட்டியோ துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடையோதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மெதுவாகும், ஆனால் வெட்டு சிறியதாக இருக்கும், கணுவிடையும் நீளாது.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு: அடித்தண்டின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு உயரம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 6 சென்டிமீட்டர் அடி என்றால் 36 சென்டிமீட்டர் உயரம், முதல் வெட்டு அதில் மூன்றில் ஒரு பங்கில், 12 சென்டிமீட்டரில். அங்கிருந்து புதிய தலைத்தண்டை வளர்த்து, அது தடித்ததும் மறுபடி வெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முதல் ஐந்து வருடம். கூம்பல் இப்படித்தான் வரும்.

## இனம் வாரியாகச் சில வார்த்தை

எல்மில் இலைகள் மாறிமாறி வரும், வெட்டினால் அடுத்த மொட்டின் திசையில் கிளை திரும்பும், தப்பு செய்தாலும் மன்னிக்கும். முதல் மரமாக இதைத்தான் சொல்வேன். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிர் ஜோடி, அதனால் ஒன்றை எடுத்து ஒன்றை விடும் வேலை வருடாவருடம் உண்டு; ஆரோக்கியமான மரத்தில் கோடைத் தொடக்கத்தில் இலைகளைக் கழித்துக் கிளைகளை நுணுக்கமாக்கலாம். பீச் பொதுவாக வருடத்துக்கு ஒரே ஒரு தளிர்ச்சுற்று மட்டும் விடும். அதில் முழு இலைக்கழிப்பு செய்யவே கூடாது. பொறுமைசாலி என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்கள் அதை ஐந்து வருடம் வளர்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

## சரி, யாருக்கு எது?

இரண்டு மூன்று வருடத்தில் கம்பியும் கத்தரியும் பிடித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர் நிலத்துக் கட்டையாக ஒரு ட்ரைடென்ட் அல்லது எல்ம் வாங்கட்டும். வடு இருக்கும், கவலையில்லை, கை பழகுவதற்குத்தானே. வடுவே இல்லாத ஜப்பானிய மேப்பிள்தான் வேண்டும் என்பவருக்குப் பதியன். தாய்மரம் இல்லையா? ஒட்டுப்போடாத நர்சரிச் செடி ஒன்றை வாங்கித் தரையில் நட்டு, அதையே தாய்மரமாக்கிக்கொள்ளலாம். இடம் நிறைய இருந்து வயதும் கைகொடுத்தால் விதை. அனுபவம் இல்லாதவர் தோண்டிய மரத்தைத் தொட வேண்டாம். முப்பது வருடம் நின்ற ஒன்றைக் கற்றுக்கொள்வதற்காகக் கொல்வது எனக்குச் சம்மதமில்லை.

நான் இப்போது தொடங்குவதாக இருந்தால் ஒரே பருவத்தில் மூன்றைச் செய்வேன். ஒரு கட்டை எல்ம் வாங்கி அதில் கவாத்துப் பழகுவேன். யாருடைய தோட்டத்திலாவது கேட்டு ஒரு மேப்பிள் கிளையில் பதியன் போடுவேன். குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் ஈரப்பாசியில் ஒரு பிடி விதை வைத்து, மூடியின்மேல் தேதி எழுதி ஒட்டுவேன். தேதி எழுதாமல் வைத்த டப்பா ஒன்றை வீட்டில் யாரோ குப்பையில் போட்ட பிறகு வந்த பழக்கம் இது.